பூட்டுக்கு வக்காலத்து

எங்கள் பக்கத்து ஊராட்சியின் நூலகக் கட்டடத்தைப் போன மாதம் போய்ப் பார்த்தேன். பூட்டின் சாவித் துவாரத்தில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருக்கிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் இரண்டு அலமாரி, கரையான் ஏறிய ஒரு மேசை, மூலையில் சாய்த்து வைத்த கேரம் போர்டு, அதன்மேல் யாரோ அடுக்கிய உரமூட்டை. வெளியே, அந்தக் கட்டடத்தின் இடிந்த காம்பவுண்டுச் சுவரில் ஐந்து பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாலை ஆறு மணி. ஆளுக்கொரு போன். என்னைப் பார்த்ததும் ஒருவன் எழுந்து நின்றான். பெரியவர்கள் அந்தச் சுவர்ப் பக்கம் வந்தால் விரட்டத்தான் வருவார்கள் என்று அவனுக்குப் பழகிப்போயிருக்கிறது.

அந்தப் பூட்டு அப்படியே இருக்கட்டும் என்று போன இதழில் ஒருவர் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. பூட்டிக் கிடக்கும் ஊராட்சிக் கட்டடங்களை மாலை நேரத்தில் இளைஞர்களுக்குத் திறந்து விடுங்கள் என்று சிலர் கேட்டுவருவதற்கு அது மறுப்பு. அவர் சொல்வதன் சாரம் இதுதான்: இளைஞர்களுக்கென்று தனியிடம் தேவையில்லை, வீடும் பள்ளிக்கூடமும் போதும். வேலையில்லாத நாலு பேரை ஓரிடத்தில் கூட்டினால் கஞ்சாவும் சாதிச் சண்டையும் காதலும்தான் வரும். அவருடைய காலத்தில் திண்ணையும் ஆலமரத்தடியும் போதுமானவையாக இருந்தன. ஆதரவு, மனநல ஆலோசனை என்கிற பேச்செல்லாம் பிள்ளைகளை நோஞ்சானாக்கும். பணம் இருந்தால் போட்டித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கலாம். இடம் கொடுத்தால் பிள்ளைகள் குட்டிச்சுவராகப் போவார்கள் என்று கட்டுரையை முடித்திருக்கிறார்.

அந்த ஐந்து பேர் உட்கார்ந்திருந்தது நிஜமான குட்டிச்சுவரில். உள்ளே மேசை நாற்காலி போட்டு, அதைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவர்கள் நாம். பூட்டியவர்களே வெளியே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துக் குட்டிச்சுவர் என்று வைவதற்கு எவ்வளவு கல்மனம் வேண்டும்!

நான் தென்மாவட்டம் ஒன்றில் 19 வருடம் ஊர்ப்புற நூலகராக வேலை பார்த்தவள். எனக்குத் தெரிந்த ஊரையும் எனக்குத் தெரிந்த பிள்ளைகளையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் அந்தத் திண்ணை. எங்கள் ஊரிலும் பெரிய வீட்டுத் திண்ணைகள் இருந்தன. வழவழவென்று சிவப்புத் தரை, சாய்ந்துகொள்ள மேடு. அவற்றில் என் அப்பா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அந்தத் தெரு வழியாகச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர் அவர். என் அம்மாவுக்குக் கிணற்றடி உண்டு, அதுவும் எங்கள் தெருக் கிணறு, அதுவும் குடம் நிறையும் வரைக்கும். கட்டுரையாளர் நினைத்து நினைத்து உருகும் அந்தத் திண்ணை, ஊரில் கால்வாசிப் பேருக்கான இடம். மீதி முக்கால்வாசிப் பேர் நின்றுகொண்டே இளமையைக் கழித்தார்கள். எனக்கு முதன்முதலாக நாற்காலி போட்டு உட்காரச் சொன்ன பொது இடம், என் பதினாலாவது வயதில் டவுனில் இருந்த கிளை நூலகம். அங்கே இருந்தவர் என் பெயரைக் கேட்டார், எந்த ஊர் என்று கேட்டார், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

அந்த நாற்காலியை யாரோ பெரிய மனது வைத்து எனக்குப் போடவில்லை. அதன் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது, எஸ்.ஆர். ரங்கநாதன் போன்றவர்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டம். இன்றைக்கும் சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி வசூலாகிறது. ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். பிறகு 2006 முதல் 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளையும் எடுத்துக்கொண்டார்கள். ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய். நூலகமும் விளையாட்டுத் திடலும் அதில் வந்தன. நான் எட்டிப் பார்த்த கட்டடம் அப்படி வந்ததுதான். கட்டடம் வந்தது, திறப்பு விழாக் கல்வெட்டு வந்தது. தினமும் திறந்து சாத்த, குடும்பம் நடத்தும் அளவுக்குச் சம்பளம் வாங்கும் ஒரு ஆள் மட்டும் வரவில்லை. புதிதாகப் பணம் கொட்டச் சொல்கிறார்கள் என்று கட்டுரையாளர் பதறுகிறார். பணத்தை என்றைக்கோ கொட்டியாகிவிட்டது. அது கரையானுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சாவிக்கு ஒரு ஆளைத்தான் கேட்கிறோம்.

அடுத்து, வீடும் பள்ளிக்கூடமும் போதும் என்கிற வாதம். இதை எழுதும்போது ஒரு கல்வி அதிகாரியின் கை நடுங்கியிருக்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பிளஸ் டூ மாணவனை, கூடப் படித்த பையன்கள் இரவில் அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பகை மூண்ட இடம் பள்ளிக்கூடம். வெட்டு விழுந்த இடம் வீடு. கட்டுரையாளர் போதும் என்று சொல்கிற இரண்டு இடங்களும் அந்தப் பையனைக் காப்பாற்றவில்லை. அதற்குப் பிறகுதான் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். மாணவர்கள் கையில் சாதி நிறக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று ஒரு நீதிபதி எழுதவேண்டிய அளவுக்குப் பள்ளிக்கூட வாசல் வந்து நிற்கிறது.

கூட்டினால் சாதிச் சண்டை வரும் என்கிறார் இவர். பிள்ளைகள் ஏற்கெனவே கூட்டப்பட்டுத்தான் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மின்கம்பத்துக்கு ஒரு நிறம், பஸ் ஸ்டாப் சுவருக்கு ஒரு நிறம். அவர் சொல்லும் ஆலமரத்தடியில் இன்றைக்குச் சிமெண்டு மேடையும் சங்கக் கொடிக்கம்பமும் நிற்கின்றன. பதிமூன்று வயதுப் பையன் சாயங்காலம் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும்போது, வாடா தம்பி என்று தோளில் கைபோட்டுக் கூப்பிட அந்த மேடையில் ஆள் இருக்கிறது. டீ வாங்கிக் கொடுக்கும், பைக்கில் ஏற்றிக்கொள்ளும், குருபூஜைக்கு வேன் பிடித்து அழைத்துப் போகும், பனியன் கொடுக்கும். நீ யாரென்று தெரியுமா என்று கேட்டு, பதிலையும் அதுவே சொல்லிக் கொடுக்கும். ஒரு பையனுக்கு வேண்டிய அத்தனையும் அங்கே கிடைக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், வரவில்லை என்றால் தேடுகிறார்கள். விலை பின்னால் வரும், அரிவாளாக வரும், முதல் தகவல் அறிக்கையில் ஒரு பெயராக வரும்.

எந்தச் சாதிக்கும் சொந்தமில்லாத ஒரு அறையை ஊரில் இவர் பூட்டி வைக்கச் சொல்கிறார். மற்ற கதவெல்லாம் திறந்தே இருக்கிறது.

என் நூலகத்தில் இரண்டு தெருப் பையன்களும் வந்தார்கள். உடனே ஒட்டவில்லை. முதல் ஒரு வருடம் ஜன்னல் பக்க பெஞ்சு ஒரு கூட்டத்துக்கு, அலமாரிப் பக்க பெஞ்சு இன்னொரு கூட்டத்துக்கு. நான் ஒன்றும் போதிக்கவில்லை. தினத்தந்தி ஒன்றுதான் வாங்கினோம், அதன் விளையாட்டுப் பக்கமும் ஒன்றுதான். ஐபிஎல் சமயத்தில் அந்த ஒரு தாளுக்காக இரண்டு பெஞ்சும் நகர்ந்தன. ஒருவன் உரக்க வாசிக்க, மற்றவன் தோளுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டான். அப்புறம் ஒருநாள் பெஞ்சுகளை யாரோ சேர்த்துப் போட்டிருந்தார்கள். நான் அதைப் பிரிக்கவில்லை. சண்டையும் வந்தது, வராமல் இருக்குமா? இரண்டு முறை சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு முறையும் விலக்கிவிடக் கை இருந்தது, வெளிச்சம் இருந்தது, மறுநாள் வந்து முகம் பார்க்க வேண்டிய கட்டாயமும் இருந்தது. குட்டிச்சுவரில் இந்த மூன்றும் கிடையாது.

கஞ்சாவைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பத்தியை ஊரில் உள்ள யாராவது படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். விற்கிறவனுக்கு இருட்டு வேண்டும், கேள்வி கேட்க ஆளில்லாத மூலை வேண்டும், பொழுது போகாத பையன் வேண்டும். மூன்றையும் தயார் செய்து வைத்திருப்பது பூட்டிய கட்டடத்தின் பின்பக்கம். டியூப் லைட் எரிகிற அறையில், ஒரு அக்கா உட்கார்ந்து பதிவேடு எழுதுகிற மேசைக்கு எதிரே, எவன் பொட்டலம் பிரிப்பான்? லண்டனில் 2010க்கும் 2019க்கும் நடுவே நிதிக் குறைப்பால் இளைஞர் மன்றங்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தை மூடினார்கள். அதன் விளைவை அந்த நாட்டின் நிதி ஆய்வு நிறுவனம் ஒன்று கணக்கெடுத்து 2024இல் வெளியிட்டது. பக்கத்து மன்றம் மூடப்பட்ட பிள்ளைகள் குற்றத்தில் சிக்குவது 14 சதவீதம் கூடியது, பரீட்சை மதிப்பெண்ணும் குறைந்தது. இடத்தைத் திறந்ததால் கெட்டுப்போனார்கள் என்கிறவர், இடத்தை மூடிய ஊரில் என்ன நடந்தது என்று ஒரு தடவையாவது தேடிப் பார்த்திருக்க வேண்டாமா?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2023இல் 500 மதுக்கடைகளை மூடிய பிறகும் தமிழ்நாட்டில் 4,800க்கு மேல் டாஸ்மாக் கடைகள் இருந்தன. மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குத்தான் சாத்துகிறார்கள். என் நூலகத்தைக் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம்தான் திறக்க அனுமதி இருந்தது. வேலை முடிந்து ஏழரை மணிக்குப் பஸ் இறங்குகிற இருபது வயதுப் பையனுக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு எது என்று கட்டுரையாளரே சொல்லட்டும்.

கேரம் போர்டைப் பற்றி அவர் ஒரு வரி எழுதியிருக்கிறார், வெட்டிப்பொழுது என்று. இந்த வரிக்காக அவர் வடசென்னைக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். சந்து முனையில் நாலு பேர் குனிந்து நிற்க, தொங்கும் ஒரு பல்பு, போரிக் பவுடர் தூவிய பலகை. அந்த மன்றங்களிலிருந்துதான் மரியா இருதயம் வந்தார், இரண்டு முறை உலக சாம்பியன், 1996இல் அர்ஜுனா விருது. வியாசர்பாடியிலிருந்து இளவழகி வந்தார், 2008இல் உலக சாம்பியன். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வாங்கிவந்த காசிமாவுக்கு அப்போது வயது 17. அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், தங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக் கொடுக்கிறவர். அந்தப் பெண் ஆடப் பழகிய பலகையும் இவர் கண்ணுக்கு வெட்டிப்பொழுதாகத்தான் பட்டிருக்கும். நூறு பேர் ஆடினால் ஒருவர்தான் தங்கம் வாங்குவார், அது எனக்குத் தெரியும். மீதி 99 பேருக்கும் அன்றைய சாயங்காலம் கிடைத்தது. அதுவும் கணக்கில் வர வேண்டும் என்றுதான் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

ஆடும் இடத்துக்கு விலை போடவும் பார்த்தார்கள். சென்னையில் 2024 அக்டோபரில் மாநகராட்சியின் 9 கால்பந்துத் திடல்களைத் தனியாருக்குக் கொடுத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஆளுக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். கைவிட்டது நல்லது. கட்டுரையாளர் அப்போது எழுதியிருந்தால் எந்தப் பக்கம் எழுதியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெண் பிள்ளைகள் என்று வரும்போது அவர் எழுத்தில் ஒரு சொல்தான் இருக்கிறது, காதல். பதினாறு வயதுப் பெண் வீட்டை விட்டு வெளியே வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது? என் நூலகத்துக்கு வந்த பெண் பிள்ளைகள் எதற்கு வந்தார்கள் தெரியுமா? பலபேர் சும்மா இருக்க வந்தார்கள். வீட்டில் சும்மா இருக்க முடியாது. உட்கார்ந்தால் எழுப்புவார்கள், தண்ணி எடு, தம்பியைப் பார், துணியை மடி. ஒரு பெண் வந்ததும் நாற்காலியை ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போட்டு, புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். இருபது நிமிடம். எழுந்து, புத்தகத்தை அதே இடத்தில் வைத்துவிட்டு, வரேன்க்கா என்று போவாள். என் பதிவேட்டுக் கணக்கில் அவள் எடுத்த புத்தகம் பூஜ்யம். அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தபோது, எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை புத்தகம் போனது என்று கேட்டார்கள். அவள் கண்ணை மூடிய இருபது நிமிடத்துக்குப் பதிவேட்டில் காலம் கிடையாது.

அந்தப் பெண் பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பியது காதலும் இல்லை, பயமும் இல்லை. கட்டடத்தில் கழிப்பறை இல்லை. ஒன்பது வருடம் மனு எழுதினேன். பெண் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறைக் கதவைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்பட்டிருக்கலாம்.

வீடே போதும் என்பதற்கு இன்னொரு பதிலும் உண்டு, கட்டுரையாளர் அதைக் கேட்க விரும்பமாட்டார். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் நேசித்தார்கள். வீட்டின் எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு ஓடிவந்தார்கள். தொண்டு நிறுவனங்கள் தங்க இடம் கொடுத்தன. பெற்றோர் புகார் கொடுக்க, போலீஸ் விசாரணை துரத்தியது. பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு 2021 ஜூன் 7இல் உத்தரவு போட்டார். போலீஸ் தொல்லை கூடாது என்றார், இயல்பை மாற்றுகிறேன் என்று வைத்தியம் செய்வது கூடாது என்றார், இப்படி வீட்டை விட்டு வந்தவர்களுக்குத் தங்கும் இடம் வேண்டும் என்றார். ஒரு நீதிபதி, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, போய்க் கேட்டு வந்தார். இந்த அதிகாரி 30 வருடம் பள்ளிக்கூடங்களைப் பார்வையிட்டவர். வகுப்பில் கடைசி பெஞ்சில் நடையைக் கிண்டல் செய்து கிண்டல் செய்தே படிப்பை விட்டு ஓடவைத்த எத்தனை பையன்களை அவர் கடந்து போயிருப்பார்! பெற்ற வீடு கதவைச் சாத்தும்போது அந்தப் பிள்ளை போக ஊரில் இன்னொரு கதவு வேண்டும். அது போலீஸ் ஸ்டேஷனாகவும் ரயில்வே ஸ்டேஷனாகவும் இருக்கக் கூடாது.

இப்போது அந்த நோஞ்சான் பேச்சுக்கு வருகிறேன். இதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கொடுத்த கணக்கு இது. 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834, மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாக நாம். நாடு முழுக்க மாணவர்கள் 13,044 பேர். எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் முதல் காரணமாக எழுதியிருப்பது குடும்பப் பிரச்சினை, 31.7 சதவீதம். வீடு போதும் என்று எழுதிய கையால் இந்த எண்ணையும் எழுதிப் பார்க்கட்டும். செத்துப்போன அத்தனை பிள்ளைகளும் நோஞ்சானாக வளர்க்கப்பட்டவர்கள் என்று, அவர்களைப் பெற்றவர்கள் முன்னால் நின்று இவரால் சொல்ல முடியுமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த ஒரு நாள். சாயங்காலம் ஒரு பையன் வந்தான். வழக்கமாக வந்ததும் விளையாட்டுப் பக்கத்தை எடுப்பவன், அன்றைக்கு வரி விளம்பரப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டான். ஒரு மணி நேரம் ஆகியும் பக்கம் திரும்பவில்லை. எத்தனை மார்க் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து ஊரே அதைத்தானே அவனிடம் கேட்டிருக்கும். சாத்தும் நேரம் வந்தது. பதிவேடு சரிபார்க்க வேண்டியிருக்கு, நீ இரு என்றேன். பதிவேட்டில் சரிபார்க்க ஒன்றும் இல்லை. நான் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு எதிர்க் கடையிலிருந்து இரண்டு டீ வாங்கிவரச் சொன்னேன். வாங்கிவந்தான், குடித்தான். ஒன்பது மணிக்கு அவனாகவே பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அக்கா, எங்கப்பா கோவமா இருப்பாரு, நீங்க தெருமுனை வரைக்கும் வர்றீங்களா என்றான். போனேன். வீட்டு வாசல் வரைக்கும் போனேன். மறுநாள் காலையில் நான் கதவைத் திறக்கும் முன்னால் வந்து படியில் உட்கார்ந்திருந்தான். அந்தப் படியில் அவனைப் பார்த்தபோது எனக்குக் கால் ஓய்ந்துபோய் நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் உளவியல் படித்தவள் இல்லை. அன்றைக்கு இரண்டு மணி நேரம் விளக்கை அணைக்காமல் இருந்தேன், அவ்வளவுதான் செய்தேன். கட்டுரையாளர் இறக்குமதிச் சரக்கு என்று சொல்கிற ஆதரவு அதுதான். அந்த விளக்கை அணைத்துவிட்டு அவனைத் தைரியசாலியாக்கியிருக்க வேண்டும் என்கிறாரா?

மனநல உதவிக்குப் போன் எண்கள் இருக்கின்றனவே, பிறகு எதற்கு இடம் என்று கேட்பவர்களும் உண்டு. எண்கள் நல்லவை. 2022 அக்டோபரில் 14416 வந்தது, எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். 104 இருக்கிறது. சென்னையில் சினேகா என்கிற அமைப்பு 1986 முதல் இந்த வேலையைச் செய்து வருகிறது. ஆனால் ஒரு பையன் எடுத்த எடுப்பில் இந்த எண்களைச் சுழற்றிவிடமாட்டான். நான் அவற்றில் ஒன்றை ஒரு தாளில் எழுதி, டியூஷன் விளம்பரத்தில் செய்வதுபோலக் கீழ் ஓரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எண்ணை எழுதி ஒட்டினேன். முதலில் வாசல் கதவில் ஒட்டினேன், ஒரு துண்டுகூடப் போகவில்லை. பிறகு தண்ணீர்ப் பானைக்குப் பின்னால், என் மேசையிலிருந்து பார்த்தால் தெரியாத சுவரில் ஒட்டினேன். 14 துண்டு. மாதக் கடைசியில் மூன்று மிச்சம். கிழித்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த எண்ணுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு சுவரும் ஒரு பானையும், எட்டிப் பார்க்காத ஒரு ஆளும் தேவைப்பட்டது. அப்படியொரு சுவரைத்தான் பூட்டி வைத்திருக்கிறோம்.

போட்டித் தேர்வுப் பயிற்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என் அறையில் படித்து வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கொண்டுவந்து கொடுத்த லட்டுப் பெட்டிகளை நான் மறக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2024 குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். அறிவித்த இடங்கள் 6,244. பிறகு இடங்களைக் கொஞ்சம் கூட்டினார்கள், கூட்டியும் பத்தாயிரத்தைத் தொடவில்லை. பயிற்சி கொடுத்தாயிற்று, தேர்வும் எழுதியாயிற்று, பெயர் வரவில்லை. அந்த லட்சக்கணக்கான பேர் ரிசல்ட் வந்த மறுநாள் சாயங்காலம் எங்கே போய் உட்காருவார்கள்? கட்டுரையாளரின் திட்டத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. ஜெயித்தால் நாற்காலி, தோற்றால் சுவர்.

ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி. இப்படித் திறந்த இடங்கள் சில ஊர்களில் கெட்டுத்தான் போயின. கட்சிக்காரர்கள் சாவியை வாங்கிக்கொண்டார்கள், ஒரு தெருக்காரர்கள் இன்னொரு தெருவை உள்ளே விடவில்லை, கேரம் போர்டில் காசு வைத்து ஆடினார்கள். நானே பார்த்திருக்கிறேன். கெட்டுப்போன ஒவ்வொரு இடத்திலும் ஒரே குறைதான் இருந்தது, சாவிக்குப் பொறுப்பான ஆள் இல்லை. மதிப்பூதியம் என்று டீச்செலவுக்குக்கூடப் போதாத காசைக் கொடுத்தால் எவர் இரவு வரை உட்காருவார்? வாத்தியாராகவும் இல்லாமல் போலீஸாகவும் இல்லாமல், ஊரில் எல்லாத் தெருவுக்கும் பொதுவாக, தினமும் அதே நாற்காலியில் உட்காரும் ஒருவர் வேண்டும். பிள்ளை வராத நாளில், ஏன் வரவில்லை என்று யோசிக்கும் ஒருவர். கேரளத்தில் கிராமத்துக்குக் கிராமம் வாசகசாலைகள் பல தலைமுறையாக நடக்கின்றன. பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிய சங்கத்தில் வேர்விட்டவை. ஊர்க்காரர்களே குழு அமைத்து நடத்துகிறார்கள், அரசு மானியம் கொடுக்கிறது. அங்கேயும் கட்சி உண்டு, சாதி உண்டு. அதற்காக யாரும் அவற்றைக் குளவிக்கு விட்டுவிடவில்லை.

ஒரு நோய்க்கு மருந்து கொடுக்காமல் விட்டு, நோயாளி இறந்ததும் பார்த்தாயா என்று கேட்கிற வைத்தியத்தை இவர் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் போடாமல் விட்டது அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிகளும்தான். 30 வருட சர்வீஸில் இப்படி ஒரு அறையையாவது மாலை ஏழு மணிக்கு அவர் போய்ப் பார்த்தாரா? பார்த்திருந்தால் அந்த அறையில் இருந்த ஒரு பிள்ளையாவது அந்த ஆறு பக்கத்தில் வந்திருக்கும். ஒரு பிள்ளையும் வரவில்லை. கஞ்சா வருகிறது, சாதி வருகிறது, காதல் வருகிறது, செலவு வருகிறது. ஒரு பையனின் முகமோ ஒரு பெண்ணின் குரலோ எங்கேயும் இல்லை.

நான் அன்றைக்கு அந்தச் சுவர்ப் பக்கம் போனேன் என்றேனே. எழுந்து நின்றவனை உட்காரச் சொல்லி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவனே கேட்டான், இத தொறக்கப் போறாங்களாக்கா? தெரியல, கேட்டுட்டு இருக்கோம் என்றேன். உள்ளே கேரம் போர்டு இருக்கு, ஸ்ட்ரைக்கர் மட்டும் இருக்காது, என்கிட்ட ஒண்ணு இருக்கு என்றான் இன்னொருவன். முதல் பையன் எழுந்துபோய் ஒரு ஈர்க்குச்சியை ஒடித்து, சாவித் துவாரத்திலிருந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நோண்டி எடுத்தான். காய்ந்த மண், தூளாகக் கொட்டியது. துவாரத்தில் வாயை வைத்து ஊதினான். பூட்டைக் கையில் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, துரு ஏறல, சாவி வந்தா தொறக்கும்க்கா என்றான்.